வரப்பு தாண்டிய பந்து

உமாமகேஸ்வரி டீச்சரின் வாழ்க்கையில் டென்னிஸ் ஓர் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. தேவிபட்டினத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில், மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து நிம்மதியாக இருந்தவர். பெட்டிக்குள் குட்டி மட்டைகள், அமுக்கினால் அமுங்கும் பந்துகள்.

"அடுத்த மாசம் வாரேன். பந்து விடாம அங்கிட்டும் இங்கிட்டும் போய் வரணும். இல்லன்னா பெட்டி அக்காள்மடம் பள்ளிக்கூடத்துக்குப் போயிரும்" என்றார் பெட்டியைக் கொண்டுவந்த விளையாட்டு அதிகாரி ராமசுப்பிரமணியன்.

பெட்டி போவதில் டீச்சருக்கு வருத்தமில்லை. ஆனால் அக்காள்மடத்தில் தலைமையாசிரியை அவருடைய நாத்தனார் ஜெயசுதா; அவளிடம் தோற்பதாவது!

ஆகவே இரவல் மீன்வலையைக் குறுக்கே கட்டினார். சுண்ணாம்பில் கோடு போட்டார். "பந்து ஒரு குத்து குத்தி எழும்பட்டும், அப்புறம் அடிங்க."

பூங்கோதை அடித்தாள். பந்து கோட்டைத் தாண்டியது. டீச்சர் "அவுட்" என்றார். பூங்கோதை மட்டையைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அடுத்து வந்த காளிதாசும் அவுட், அவனும் நிழலுக்கு. சற்று நேரத்தில் மொத்த வகுப்பும் மரத்தடியில். கிரிக்கெட் அறிந்த பிள்ளைகள். அவுட்டான பிறகும் மட்டையோடு நிற்பது மானக்கேடு.

டீச்சர் விவசாயி மகள். மறுநாள் அந்தச் சொல்லையே தடைசெய்தார். "இந்தக் கோடு வரப்பு. பந்து வரப்பு தாண்டுனா எதிராளிக்குப் புள்ளி."

உடனே டென்னிஸ் விளங்கிவிட்டது, கொஞ்சம் அதிகமாகவே. பூங்கோதையின் அய்யாவுக்கும் காளிதாசின் அய்யாவுக்கும் வரப்புத் தகராறு கோர்ட்டில் இருந்தது. பிள்ளைகள் தினமும் காலையில் அவரவர் பக்கத்துக் கோட்டை அழித்து ஒரு சாண் வெளியே தள்ளிப் போட்டார்கள்.

"ஏலே காளிதாஸ், ஒன் எடம் பெருசானா ஒனக்குத்தான் நட்டம்."

"எடம் பெருசானா எப்பிடி டீச்சர் நட்டமாகும்?" அவன் முகத்தில் டீச்சர் மீது இரக்கம் தெரிந்தது.

ஆடுகளம் வேப்பமரம்வரை வளர்ந்தது. எப்படி அடித்தாலும் பந்து உள்ளேயே விழுந்தது. அதிகாரி வந்த அன்று பந்து விடாமல் போய் வந்துகொண்டே இருந்தது. அவர் கண் கோட்டின் மேல் விழும்வரை.

"களம் என்ன டீச்சர் கம்மாய் மாதிரி கெடக்கு?" அளவு நாடாவை எடுத்தார்.

பூங்கோதை வந்து கோட்டின்மேல் நின்றாள். "எங்க எடத்த எதுக்கு சார் சுருக்குறீங்க?"

பகையாளி காளிதாசும் பக்கத்தில் வந்து நின்றான். "அளக்கணும்னா ரெண்டு பேரு அய்யாவும் வரணும் சார். எங்க அய்யா வக்கீலோட வருவாரு."

ராமசுப்பிரமணியன் சொந்தத் தம்பியோடு வரப்பு வழக்கில் தலை நரைத்தவர். நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"பெட்டி இங்கனயே இருக்கட்டும்."

சேதி அன்றைக்கே அக்காள்மடம் போய்ச் சேர்ந்தது; டீச்சர்தான் போன் போட்டார். வேப்பமரம் இப்போது ஆடுகளத்துக்குள் இருக்கிறது. பந்து அதில் பட்டால் யாருக்குப் புள்ளி என்பது இன்னும் விசாரணையில்.