லிப்ட் கார்டில் வலக்கைக் கையெழுத்து

தங்கை ஜெயித்தவை கொஞ்சநஞ்சமல்ல. எட்டு வயதில் டைபாய்டை ஜெயித்தாள். ‘பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனர்’ என்ற அப்பாவை ஜெயித்தாள். பதினோரு ஆண்கள் இருந்த லிப்ட் கம்பெனியில் பன்னிரண்டாவது மெக்கானிக்காக நுழைந்தாள். நாற்பத்தொன்றில் பக்கவாதம் வந்தபோது எமனிடமும் வழக்காடி மீண்டாள். வலக்கை மட்டும் திரும்பி வர அடம்பிடித்தது.

லிப்டுக்குள் ஒரு கார்டு தொங்கும். சர்வீஸ் செய்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை செய்து கையெழுத்தும் போடும்வரை அவளுக்கு ஸ்டோர் ரூமில் நட்டு எண்ணும் வேலைதான் என்றார் மேனேஜர்.

“இடது கையால போட்டுடேன்டி,” என்றாள் அக்கா.

“ஸ்பேனர் பிடிக்காத கை போட்ட கையெழுத்த நம்பி நீ ஏறுவியா?”

அக்கா அவளை டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் தங்கையின் மார்புத் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்து, அதன் வயரைக் கழுத்து நரம்போடு இணைத்தார். பயிற்சியில் கை சரியாக அசையும் நொடியில் தெரபிஸ்ட் பட்டனை அமுக்குவார். நரம்பு வழியே மூளைக்கு ஒரு சின்னத் தட்டு போகும்: இந்த அசைவை மறக்காதே. நாளுக்கு முந்நூறு தடவை. ஒவ்வொன்றுக்கும் அக்கா நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

இரண்டாம் வாரம் தங்கை தெரபிஸ்டை முறைத்தாள். “தம்பி, லேட்டா அமுக்குறீங்க. கதவு மூடுன அப்புறம் பெல் அடிச்சு என்ன பண்றது?”

“கை எப்ப கிளம்பும்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?”

“நான் குரல் குடுக்குறேன்.”

லிப்டின் கூரைமேல் நிற்பவர், அதை நகர்த்தும் முன் கூட்டாளிக்குக் குரல் கொடுப்பது அவர்கள் தொழில் வழக்கம். அன்றிலிருந்து “மேல” என்பாள்; கை கிளம்பும்; பட்டன் அமுங்கும். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த வாரமே கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது. அடுத்த வாரம் ஸ்பேனர் மேசையைவிட்டு எழுந்தது. அக்கா போட்ட கோடு அன்று கோணலாகிப் போயிற்று.

ஆறாம் வாரம், பயிற்சி நடந்த ஆஸ்பத்திரியின் லிப்டுக்கே சர்வீஸ் நாள். மேனேஜர் பக்கத்தில் நின்று பார்க்க, தங்கை போல்ட்டுகளை முறுக்கினாள், எண்ணெய் விட்டாள், எல்லா மாடிக்கும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, “மேல” என்று முணுமுணுத்தாள். வாசலில் நின்ற தெரபிஸ்டின் கட்டைவிரல் வெறுங்காற்றை அமுக்கியது.

பேனா கிளம்பியது. கையெழுத்தின் வால் கட்டத்தைத் தாண்டி ஓடியது.

“வால் கொஞ்சம் நீளம்,” என்றார் மேனேஜர்.

“லிப்ட் சரியா நிக்குதான்னு பாருங்க சார்.”

தேதி போடுவதற்குள் விரல்கள் சோர்ந்துவிட்டன. தேதியை யார் எழுதினாலும் சரி என்றார் மேனேஜர். அக்கா பேனாவை வாங்கி, கட்டத்துக்குள் அடங்கும்படி நிதானமாக எழுதினாள்: 14.03.2025.