மூக்கைக் கட்டிய ஜீப்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஜீப் ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அதனால் வண்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் நாள் முழுக்க இருக்கும். தினமும் காலையில் கோம்பையிலிருந்து பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போக வேண்டும். எட்டு மணிக்குள் இறக்கிவிடாவிட்டால் அன்றைக்கு அவர்களை வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திராட்சை ஏற்ற ஓடைப்பட்டிப் பக்கம் போனேன். அங்கே ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். புழுதி இன்ஜினுக்குள் போய்விடும் என்று பயந்து, பழைய வேட்டியைக் கிழித்து ஏர் ஃபில்டரின் வாயில் இரண்டு மடிப்பாகக் கட்டினேன்.

மறுநாளே வண்டி ஏற்றத்தில் திணறியது. துணி ஞாபகமே வரவில்லை. டீசல் போதவில்லை என்றுதான் தோன்றியது. டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவுக்குக் கம்பி கட்டிச் சீல் வைத்திருந்தார் மெக்கானிக். அதை அறுத்துவிட்டு அரைச் சுற்று திருகினேன். புகை கறுத்தது, இழுவை கூடவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். அரைச் சுற்றா, முக்காலா? அந்தச் சந்தேகத்திலேயே ராத்திரி போனது.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே வண்டிக்குள் புகை அடைத்தது.

"அண்ணே, டீசல் ஊத்துனீகளா, டயரப் போட்டு எரிக்கிறீகளா?"

"நம்மளக் கரியாக்கித்தான் இறக்கிவிடப் போறாக, ஆத்தா."

பின்னால் வந்த ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது. "நாளைக்கு நாங்க அதுலதான்" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன்.

தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்குத் தண்ணீர் சுமக்கும் பெண் வண்டியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இங்கன என்ன துணி?"

"புழுதிக்குக் கட்டுனது."

"மருந்து நெடிக்கு மூக்கக் கட்டிக்கிட்டுக் கொடத்தோட மேட்டுல ஏறிப் பாருங்க. பாதியில மூச்சு முட்டிரும். துணி நனைஞ்சா அம்புட்டுத்தேன்."

துணி பனியில் நனைந்து சேறாகி ஒட்டியிருந்தது. காற்றை அடைத்துவிட்டு டீசலை மட்டும் கொட்டியிருக்கிறேன். எரிய வழியில்லாததுதான் கரும்புகையாகப் போயிருக்கிறது. துணியைப் பிடுங்கினேன். சூடு தணிந்ததும் ஸ்டார்ட் செய்து, கறுப்பு வெளுக்கும்வரை ஸ்க்ரூவைப் பின்னால் திருகினேன். ஜீப் ஏறியது. ஆனால் எட்டு தாண்டிவிட்டது.

தோட்டத்து வாசலில் சூப்பர்வைசர் வாட்சைக் காட்டினார்.

"வண்டிக்கு மூச்சுத்திணறல் சார். அண்ணன் இப்பத்தேன் மூக்க அவுத்துவிட்டாக" என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே உள்ளே விட்டார்.

அன்று மாலையே மெக்கானிக்கிடம் திட்டு வாங்கி, அவரையே அளவைச் சரிபார்த்து மறுபடி சீல் வைக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் பதினொரு பேர்தான் நின்றார்கள். ஏறுவதற்கு முன், அந்தப் பெண் பானெட்டைத் திறக்கச் சொன்னாள். அவள் குனிந்து பார்த்து முடிக்கும்வரை எனக்கே சந்தேகம், ராத்திரி மறுபடி எதையாவது கட்டித் தொலைத்திருப்பேனோ என்று.