சாக்லேட் கடையில் பழனிசாமி

புதுத் தறி ஓட்டப் பழகிவர நம் மில்லில் இருந்து என்னையும் பழனிசாமியையும் பெல்ஜியத்தில் இந்தச் சின்ன ஊருக்கு அனுப்பியது உங்களுக்கெல்லாம் தெரியும்.

கோயமுத்தூரில் எங்கள் இரண்டு வீடும் ஒரே காம்பவுண்டுக்குள். ஒருவர் மட்டும் பெரிதாக எதையாவது வாங்கிப் போனால் மற்றவர் தன் வீட்டுக்குள் நுழைய முடியாது. அதனால் கிளம்பும்போதே பேசிக்கொண்டோம்: பிள்ளைகளுக்கு ஏர்போர்ட்டில் ஒரே மாதிரி மிட்டாய், அவ்வளவுதான்.

இன்று மாலை அவர் தலைவலி என்று படுத்துக்கொண்டார். நான் மெல்ல நழுவி, சாக்லேட் மட்டுமே விற்கும் கடைக்குப் போனேன். நகைக்கடை மாதிரி கண்ணாடிக்குள் அடுக்கி, கையுறை போட்டு எடுத்துத் தருகிறார்கள்.

உள்ளே, ரிப்பன் கட்டிய பெரிய பெட்டியோடு பழனிசாமி!

"ஏனுங்க, தலைவலின்னீங்க?"

"மாத்திரை வாங்க வந்தனுங்க. நீங்க எங்க இங்க?"

"மழைக்கு ஒதுங்குனனுங்க."

என் கையில் இருந்த குடையைப் பார்த்தார்.

"உங்களை நம்புனேன் பாருங்க!" என்றேன். அதையே அவரும் சொன்னார்.

கடைசியில் நானும் அதே அளவில் ஒரு பெட்டி வாங்கினேன். "இதோட நிறுத்திக்குவோமுங்க" என்று கை கொடுத்தார். என் குடையிலேயே இருவரும் கிளம்பினோம்.

பாதி வழியில், "என் குடையக் கடையிலயே வச்சுப்போட்டனுங்க, நீங்க போங்க" என்று திரும்பி ஓடினார்.

ரூமுக்கு வந்தால் அவர் குடை கதவோரம் தொங்குகிறது. ஆளை இன்னும் காணோம்.

இந்த ஊருக்கு முன்பே வந்துபோனவர்கள் சொல்லுங்கள்: காலையில் அந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?