சீட்டு வாங்க மறுத்த வரிசை

அரசாங்க சபைத் தேர்தலன்று தேயிலைத் தோட்டத்து லொறியிலேயே எங்களை ராகலைக்கு ஏற்றிப் போனார்கள். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் தீபாவளிச் சேலைகளை எடுத்துக் கட்டியிருந்தார்கள். என் மகளுக்கு அதுதான் முதல் ஓட்டு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். அவள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவாள். நாங்கள் குடியிருந்த வீடு தோட்டத்துடையது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் முகம் மாறினால் வீடும் போய்விடும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

ஓட்டுக் கேட்ட இருவரில் ஒருவருக்குத்தான் தோட்டத்துக்குள் வர அனுமதி கிடைத்தது. அவருடைய பெட்டியின் நிறம் சிவப்பு. மற்றவருடைய நீலத்தைச் சுவரொட்டியில் பார்த்ததோடு சரி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை எல்லாரிடமும் சொல்லிவிட்டார்:

"மறைப்புக்குள்ள ரெண்டு பொட்டி இருக்கும். செவப்புல போடுங்க. தொரை உத்தரவு. ஆனா எதுல போட்டீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அது சட்டம்."

"அப்பறம் எதுக்குங்க உத்தரவு?" என்றாள் என் மகள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

ஓட்டுச் சாவடியில் பெண்களுக்குத் தனி வரிசை. முதலில் நின்றவள் கொழுந்து பறிப்பவள், எட்டுப் பிள்ளை பெற்றவள். மேசையில் இருந்த சிங்கள இளைஞர், தமக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லை அன்பாகச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார்: "சீட்டு! சீட்டு!"

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாஞ் சாமி. நாங்க என்ன குத்தம் செஞ்சோம்?"

தோட்டத்தில் சீட்டு என்றால் பத்துச்சீட்டுதான். அதைக் கையில் கொடுத்துவிட்டால் வேலையும் போச்சு, லயத்து அறையும் போச்சு. அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருத்தியாகக் கையை மறைத்துக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளை ஓடிவந்து கத்தினார்:

"வாங்குங்கடி! வாங்கலேன்னா நெசமாவே சீட்டுத்தான்!"

அதைக் கேட்டதும் இருவர் அழத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் என் மகள் வரிசையை விட்டு முன்னால் போனாள்.

"அக்கா, பயப்படாதீங்க. இது அவங்க நமக்குக் குடுக்கிற சீட்டு இல்ல. நாம அவங்களுக்குக் குடுக்கிற சீட்டு."

"அவங்களுக்கா? யாருக்கு புள்ள?"

"யாரு வேணாமோ அவங்களுக்கு."

பிறகு அந்த அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கோயிலில் திருநீறு வாங்குவதுபோல இரண்டு கையாலும் காகிதத்தை வாங்கினாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. ஆண்கள் வரிசையில் நின்ற நான் கணக்கப்பிள்ளையைத்தான் பார்த்தேன். அவர் என் மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒரு சொல் விடாமல் கேட்டிருப்பார்.

லொறியில் திரும்பும்போது பெண்கள் கும்மி பாடினார்கள். என் மனம் வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அம்மியை எப்படித் தூக்கிப் போவது என்றுகூட யோசித்தேன்.

பொழுது சாயும் நேரம் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். என் மனைவி தேநீர் கொடுத்தாள்.

"வாத்தியாரய்யா, ஒங்க மக வாய் ரொம்ப நீளம்."

"சின்னப் புள்ளைங்க. மன்னிச்சுக்கங்க."

"தொரை கேட்டாரு, பொம்பளைங்க ஏன் சிரிச்சாங்கன்னு. ஓட்டுப் போடுற சந்தோசம்னு சொல்லிட்டேன்." ஒரு மடக்குக் குடித்தார். "எந்தப் பொட்டியில போட்ட பாப்பா?"

"நீங்க எதுல போட்டீங்க மாமா?"

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"அதக் கேக்கக் கூடாதும்மா. சட்டம்."

அவர் போன பிறகு என் மகள் என் பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன்: "சட்டம்."

இன்னமும் யாராவது "சீட்டு" என்றால் எனக்குக் கை தானாக முதுகுக்குப் பின்னால் போகிறது. அதைப் பார்த்து அவள் சிரிக்கிறாள்.