கழிவு நூல் அடைத்த கம்ப்யூட்டர்

எங்கள் தெருவில் சத்தம் தாங்க முடியவில்லை என்று முதன்முதலாகப் புகார் சொன்னது என் அம்மாதான். சங்கரன்கோவிலில் வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும் தெரு அது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் முதல் நாள் காதைப் பொத்திக்கொள்வார்கள், மறுநாள் ஏதாவது சாக்குச் சொல்லி ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நாங்களோ அந்தச் சத்தத்தில்தான் நிம்மதியாகத் தூங்குவோம். மின்சாரம் போய்த் தறிகள் நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்போம். அந்தத் தெருவிலேயே பிறந்து அந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்ட அம்மா, ஒரு கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறது என்று சண்டைக்கு நின்றாள்.

கம்ப்யூட்டர் மாமா கொடுத்தது. மாமா அம்மாவின் தம்பி. புளியங்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அக்கா அப்போது கல்லூரியில் கடைசி வருடம். ஒரு புராஜெக்டைச் செய்து முடித்துக் காட்டினால்தான் அவளுக்குப் பட்டம். வீட்டில் செய்யட்டும் என்று, கடையில் கழித்துப் போட்டிருந்த பாகங்களை ஒன்றுசேர்த்து மாமா ஒரு கம்ப்யூட்டரை உண்டாக்கிக் கொண்டுவந்தார். அதில் ஆக வயதானது ஹார்டு டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், அக்கா எழுதுவதெல்லாம் அதில்தான் பதியும் என்று எனக்கு விளக்கினார். தட்டு சுற்றும்போது தகரப் பெட்டியும் சேர்ந்து அதிரும். பெட்டியின் மேல் அக்கா வைத்திருந்த சின்னப் பிள்ளையார், அவள் படித்து முடிப்பதற்குள் மெல்ல மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடுவார். அவரைத் திரும்ப நடுவில் உட்கார வைப்பது என் வேலை.

கல்லூரி பஸ் பிடிப்பதற்கு முன்னால், விடியற்காலையில் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். பெட்டி கர்ரென்று தொடங்கும். அம்மாவும் பாயில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

"ஏட்டி, எலி கொறிக்க மாதிரில்லா இருக்கு. தறியாவது ஒரே சீரா ஓடுது. இது நின்னு நின்னுல்லா கொறிக்கி. அடுத்தாப்ல எப்பக் கொறிக்குமோன்னு காத்துக்கிட்டே கெடக்க வேண்டியிருக்கு."

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அக்காவுக்கு அப்போது தோன்றவில்லை. வாய்ப்பேச்சு வளர்ந்து, ஒரு நாள் காலையில் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "பொட்டியக் கொண்டு ஒங்க மாமா வீட்லயே வச்சிரு. அங்கன போய்ப் படி." கல்லூரி விட்டு வந்து, மறுபடி புளியங்குடிக்குப் பஸ் ஏறி, இருட்டுவதற்குள் திரும்பி வருவது நடக்கிற காரியமா? அக்கா அழுவதைப் பார்த்து அப்பா எழுந்து வந்தார்.

அப்பா தறி மேஸ்திரி. தெருவில் எந்தத் தறி மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓடுகிற தறியின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு இன்ன இடத்தில் கழன்றிருக்கிறது என்று காட்டுவார். மற்ற மேஸ்திரிகள் காதைக் கொடுத்துக் கேட்டுக் கண்டுபிடிப்பார்கள், எங்கள் அப்பாவுக்குக் கையே போதும் என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டதுண்டு.

அக்கா மாமாவுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து திருகாணிகளுக்கு ரப்பர் வாஷர் போட்டுத் தருவதாக மாமா சொன்னார். அத்தானிடம் கொடு, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அப்பா போனை வாங்கி, "சரி மாப்ள, சரி சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். போனில் அவர் எப்போதும் அவ்வளவுதான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. அன்று மதியமே, அக்கா கல்லூரியிலிருந்து வருவதற்குள், பெட்டியைத் திறந்துவிட்டார்.

எங்கள் தெருவில் எது ஆடினாலும் கழிவு நூல்தான் வைத்தியம். தறியில் அறுந்து விழும் நூலைச் சுருட்டிச் சுருட்டிச் சாக்கில் போட்டு வைத்திருப்போம். எண்ணெய் துடைக்க அது, ஒழுகும் குழாயில் சுற்ற அது, கட்டில் ஆடினால் காலுக்கு அடியில் அது. அப்பா சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி ஹார்டு டிஸ்க்குக்கு அடியில் வைத்தார். அதோடு விட்டிருந்தால் மாமாவே மெச்சியிருப்பார். ஆனால் அப்பா எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிறவர் இல்லை. சுற்றிலும் இருந்த இடைவெளியில் எல்லாம் கழிவு நூலைக் கெட்டியாக அடைத்தார். பிரசவித்த பெண்ணுக்குக் காற்றுப் படாமல் காதை அடைப்பது போல அவ்வளவு கவனமாக அடைத்தார்.

பெட்டியைப் போட்டுப் பார்த்தோம். சத்தம் அடங்கிவிட்டிருந்தது. பிள்ளையார் அசையாமல் இருந்தார். அப்பா உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்து, "ஒரு ஆட்டமும் இல்ல" என்றார். அம்மா அன்று சாயங்காலம் உளுந்த வடை சுட்டாள். அதுவே அவளுடைய சமாதான ஒப்பந்தம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் ஏதோ அவசர வேலை என்று மாமா வரவில்லை. எங்களுக்கும் அவர் வந்து ஆக வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் தறிக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தெரு அடங்கிப் போனது. பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் எங்களுக்குக் கேட்டது. வேலை இல்லாமல் அப்பா வீட்டில் இருந்தார். ஒரு காலை, பெரிய வேலை ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, அக்கா கல்லூரிக்குக் கிளம்பினாள். போகும்போது அப்பாவுக்கு எதிரே நின்று, "அப்பா, அணைச்சிராதிய. என்னமும் புதுசா சத்தம் வந்தா மட்டும் ஒடனே அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு கையில் நாளிதழும் இன்னொரு கை பெட்டியின் மேலுமாகக் காவல் இருந்தார். நான் தெருவில் விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தேன். டக். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் டக், டக். யாரோ பெட்டிக்குள் இருந்துகொண்டு கதவைத் தட்டுவது போல இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மாவும் வந்துவிட்டாள்.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டாள். அப்பா நாளிதழைப் புரட்டினார். நான் அவர் தோளைத் தொட்டுப் பெட்டியைக் காட்டினேன். அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தார். "சத்தமே இல்லையே, மக்கா. ஆட்டமும் இல்ல" என்றார்.

டக், டக், டக்.

அப்பா வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவள் பெட்டியைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "தீப்பெட்டிய எங்கன வச்சிய?" என்று கேட்டாள். அப்பா திரும்பவில்லை. அவள் முன்னால் வந்து நின்று அதையே கேட்டாள். "வெளக்கு மாடத்துலதான இருக்கு" என்றார் உடனே. கேட்டதையே எதற்கு இரண்டு தரம் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா தீப்பெட்டியை எடுக்கவும் போகவில்லை. சற்று நேரத்தில் கம்ப்யூட்டர் திரை உறைந்து நின்றுவிட்டது.

மாமா மறுநாள் வந்து பெட்டியைத் திறந்து, நூலைக் கொத்துக் கொத்தாக வெளியே எடுத்துப் போட்டார். "அத்தான், காத்து போவணும், ஒண்ணும் வச்சு அடைச்சிராதியன்னு போன்லயே சொன்னம்லா? சூடு தாங்காமச் செத்துப்போச்சு." புராஜெக்ட் அதனோடு போயிற்று. அக்கா வேறு எதிலும் எடுத்து வைத்திருக்கவில்லை. சாகப் போகும்போது அது சத்தம் போட்டிருக்குமே, யாருக்குமா கேட்கவில்லை என்று மாமா கேட்டார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தானை ஏன் கேக்க?" என்றாள் அம்மா. "சத்தம் ஆகலன்னு நாந்தான் நூல வச்சு அடைச்சேன். நேத்து டக்கு டக்குன்னு கேட்டுது. அவுகளை நாந்தான் கடைக்கு அனுப்பிருந்தேன். வேலை சோலில சும்மா கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

இப்படி ஒரு பச்சைப் பொய்யை அம்மா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "இல்ல மாமா, அப்பாதான்..." என்று தொடங்கினேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளல் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அப்பாவும் மறுத்துப் பேசவில்லை. எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. அக்கா மாதக்கணக்கில் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமாவுக்கு வேறு ஹார்டு டிஸ்க் கிடைக்கும் வரை தினமும் புளியங்குடிக்குப் பஸ்ஸில் அலைந்து, புராஜெக்டை முதலிலிருந்து செய்து, தப்பித்தோம் பிழைத்தோம் என்று பட்டம் வாங்கினாள். அந்தக் கோபம் முழுவதையும் அம்மா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

காது கேட்காத மேஸ்திரியை எந்தத் தறிக்காரர் கூப்பிடுவார்? தறிச் சத்தத்திலேயே வாழ்ந்து, தறிச் சத்தத்துக்கே காதைக் கொடுத்துவிட்டு, கையால் சமாளித்துக்கொண்டிருந்தார் அப்பா. விஷயம் தெருவுக்குத் தெரிந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. அந்தக் கர்ரென்ற சத்தத்தை அவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அக்காவின் அழுகையைப் பார்த்துத்தான் அதை நிறுத்தப் பாடுபட்டார். இதெல்லாம் நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, அவர் கடைசியாக ஒரு காது மெஷின் வைத்துக்கொள்ளச் சம்மதித்த காலத்தில்தான் எனக்கு உறைத்தது.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. மாமா இன்னொரு பழைய ஹார்டு டிஸ்க் போட்டுக் கொடுத்தார். அதுவும் கர்ரென்றுதான் ஓடியது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவிடம் எதைச் சொன்னாலும் எதிரே வந்து நின்று, முகம் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். இருவரும் ராசியாகிவிட்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். வெள்ளிக்கிழமைதோறும், எந்த நோவுக்கும் மருந்தென்று கோயிலில் கொடுக்கும் புற்றுமண்ணை வாங்கி வந்து, குழைத்து, அப்பாவின் இரண்டு காதுக்கும் பின்னால் பூசிவிடுவாள். அப்பா சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நிற்பார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கெட்டுப்போனது கம்ப்யூட்டர், அதற்குப் பூசாமல் மண்ணை அப்பாவுக்குப் பூசுகிறாளே என்று நினைத்து, மீதியைக் கிண்ணத்திலிருந்து வழித்து நானே பெட்டியின் மேல் பூசிவிட்டேன்.