பதினோரு மாதம் தந்த மருந்து

நீலாம்பாள் அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு ஒன்று முடிந்ததும், புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பது அவர் வேலை. புகை பிடிக்காதவர். ஆனாலும் நுரையீரலில் புற்று வந்தது.

"எவன் வுட்ட பொகையோ, என்னைத் தேடிக்கினு வந்துக்குது" என்று சிரிப்பார்.

சென்னை ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். அது புற்றை நேராகக் கொல்லாது. நம் உடம்பின் காவல் அணுக்களை அதன்மேல் ஏவிவிடும். பதினோரு மாதம் கட்டி அடங்கியிருந்தது. அக்கா மறுபடி இழை இணைக்க உட்கார்ந்தார்.

அப்போதுதான் மருந்து ஏற்றும் நாளும் தெருவில் எங்கள் பட்டுப் பாவை நீட்டி, இழை விறைக்கக் கஞ்சி போடும் நாளும் ஒன்றாக வந்தன. பட்டு காய்வதற்குள் அறுந்த இழைகளை முடிச்சிட அவர் கை வேண்டும்.

"ஒரு வாரம் தள்ளிக்கலாமாக்கா?" என்று கேட்டவள் நான். அக்கா மருந்தைத் தள்ளிப்போட்டார்.

அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாவதோடு நின்றவள் நான். ஆஸ்பத்திரியில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. அன்று அக்காவைப் பார்த்து முடித்து டாக்டர் கலைவாணி கிளம்ப எழுந்தபோது எப்படியோ வாய் திறந்துவிட்டது. "நான்தாம்மா ஒரு வாரம் தள்ளச் சொன்னேன். அதனாலயா?"

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒரு வாரத்துல வந்தது இல்லைம்மா இது. காவல் அணுக்கள் ஒரு அடையாளத்தைப் பார்த்துத்தான் புற்றைப் பிடிக்கும். சில புற்று அணுக்கள் அதை மறைச்சிடும். தப்பிச்சதுங்க பெருகும். வேற காரணமும் இருக்கலாம். மறுபடி கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். ஆனா இனிமே தேதியைத் தள்ளாதீங்க."

அக்கா என்னைப் பார்த்தார். "அடிப் பைத்தியமே, இதை நெனைச்சிக்கினா பட்டினி கெடந்தே? நீ சொல்லலன்னாலும் நான் போயிருக்க மாட்டேன். உன்னை நம்பி அந்தப் பாவை வுட்டா தெரு பூரா சிக்கு எடுத்துக்கினு இல்ல இருக்கணும்!"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஊசியால் குத்திச் சதை எடுக்க அதுவரை பயந்துகொண்டிருந்த அக்கா, "எடுத்துக்கம்மா. எப்படி ஏமாத்துச்சுன்னு நானும் பாக்கறேன்" என்றார்.

இப்போது வேறு மருந்து தொடங்கியிருக்கிறது. கேட்குமா, தெரியாது. அந்தப் பதினோரு மாதத்துக்கும், கிளம்பிய டாக்டர் எனக்காக மறுபடி உட்கார்ந்ததற்கும் அன்று கைகூப்பத்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் வயிறாரச் சாப்பிட்டேன். பரிமாறியது அக்காதான்.