கிளீனர் கேட்டு நிறுத்திய லொறிகள்

கொழுந்து லொறி ஓட்டுகிறவன் மலைக்குப் பயப்படத் தேவையில்லை, கூட ஓட்டுகிறவனுக்குத்தான் பயப்பட வேண்டும். என்னை முதலில் கெடுத்தவன் கெலிஓயா மரியதாஸ். பிறகு கெடுத்தவர்கள் பலர், ஆனாலும் தொடங்கி வைத்தவன் அவன். லொறியோ பஸ்ஸோ த்ரீவீலோ ஓட்டிப் பிழைக்கிற அண்ணன் தம்பிமாரே, உங்களுக்கும் ஒரு மரியதாஸ் இருப்பான்.

மரக்கட்டை

தெல்தோட்டைப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் பச்சைத் தேயிலைக் கொழுந்தை ஏற்றி, மேலே இருக்கும் தொழிற்சாலையில் இறக்குவது எங்கள் வேலை. லொறிகள் எல்லாம் ஒரே முதலாளிக்குச் சொந்தம். வண்டிக்கு ஒரு கிளீனர். மேட்டில் நிறுத்தினால் அவன் குதித்து ஓடி, பின் சில்லுக்கு அடியில் மரக்கட்டை வைப்பான். கட்டை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். அந்தக் கிழட்டு வண்டிகளில் ஹேண்ட் பிரேக் என்பது சட்டை தொங்கப் போட ஒரு கம்பி, அவ்வளவுதான்.

ஒரு நாள் முதலாளி எல்லாக் கிளீனர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "ஒங்களுக்குக் கால் இல்லையா? நீங்களே எறங்கிக் கட்டைய வைங்க" என்றார். எங்களில் மூத்த டிரைவர் நிஸாம் நானா சத்தம் போடாமல் கேட்டார்: "நாங்க எறங்கினா பிரேக்க மிதிச்சிக்கிட்டு ஈக்கிறது யாரு மொதலாளி, நீங்க வந்து குந்துவீங்களா?"

ஸ்டியரிங் சத்தியம்

கிளீனர்கள் திரும்பி வரும்வரை ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தோம். எதைத் தொட்டுச் சத்தியம் செய்வது என்பதில்தான் இழுபறி. எங்களில் சைவக்காரர் உண்டு, மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர் உண்டு, முஸ்லிம்கள் உண்டு. கடைசியில் நிஸாம் நானாவின் லொறி ஸ்டியரிங்கை ஒவ்வொருவராகத் தொட்டோம். மரியதாஸ் மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடுத்தவனுக்கு இடம் விடாமல் நின்று கத்தினான். இன்றைக்கும் முழுசாக இருக்கிற அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு ஞாபகம் வரும்: "எவனாவது வண்டிய எடுத்தான்னா அவன் கைய நானே ஒடைப்பேன்!"

ராமாயி அக்காவின் சாக்கு

கொழுந்துக்குப் பொறுமை கிடையாது. சாக்கிலேயே கிடந்தால் சூடேறிக் கருத்துப் போகும். தொழிற்சாலை கொழுந்தில்லாமல் நின்றால் முதலாளி இறங்கி வருவார் என்று நாங்கள் கணக்குப் போட்டோம். அவர் வரவில்லை. ராமாயி அக்கா வந்தார். தோட்டத்து வேலையிலிருந்து பெயர் வெட்டிய பிறகு ஒரு துண்டு நிலத்தில் தேயிலை வைத்துப் பிழைத்தவர். எங்கள் காலடியில் சாக்கைக் கவிழ்த்தார். அவித்த கீரை போல நாறியது. எங்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். சொன்னார்: "மொதலாளிய அடிக்கிறதா நெனச்சு எங்களப் போட்டு அடிக்கிறீங்க. அவரு கண்டியில நல்லாத்தான் தின்னுட்டுத் தூங்குறாரு!"

வளைவு

முதலாளி யாரையோ பிடித்து ஓட்டவைக்கப் போகிறார் என்று கதை அடிபட்டது. தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிற ஒடுங்கிய வளைவில் என் லொறியைக் குறுக்கே நிறுத்தினோம். ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் ஓடை வரைக்கும் பள்ளம். பகலில் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள், நான் வண்டியில் இருந்தேன்.

கீழிருந்து ஒரு லொறி ஏறி வந்தது. நிறையக் கொழுந்து. ஓட்டி வந்தவன் மரியதாஸ், பக்கத்தில் கிளீனர் இல்லை. வளைவில் திரும்பி என் வண்டியைக் கண்டதும் பிரேக் போட்டான். நின்ற லொறி பாரத்தில் பிரேக்குக்கும் அடங்காமல் அங்குலம் அங்குலமாகப் பின்னால் வழுக்கியது. ஹார்னை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை. அவன் முகம் வெளுத்துப் போனது கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. பாரம் ஏற்றி மேட்டில் வருகிறவனுக்கு வழி விடுவது இந்த ரோட்டுகளில் எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். யோசிப்பதற்கு முன்பே என் வண்டி மண்திட்டோடு ஒட்டி நின்றது. அவன் உறுமிக்கொண்டு ஏறிப் போனான். வழி விட்டவனுக்குக் கையைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். அதைக்கூடச் செய்யவில்லை.

திரும்பி வந்த நிஸாம் நானா, விலகி நின்ற என் லொறியையும் ரோட்டில் பதிந்த புதுச் சில்லுத் தடத்தையும் பார்த்தார். நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "ஒன்ன நம்பித்தானே ராசு, சோறு தின்னப் போனோம்!"

அவன் கொடுத்த சாட்சி

ஒரு லொறி உள்ளே போனதும் மற்றவர்களுக்கு டிரைவர் சீட்டுப் போய்விடுமோ என்று பயம் வந்தது. மறுநாள் காலையிலேயே பாதிப் பேர் வண்டி எடுத்தார்கள். கிளீனர்கள் வரவே இல்லை. ரோட்டை மறித்தவன் என்று முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். ரோட்டைத் திறந்தவன் என்று டிரைவர்கள் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை.

நான் மரியதாஸை எல்லோருக்கும் முன்னால் கூட்டி வந்து நிறுத்தினேன். வண்டி வழுக்கியதைச் சொல், ஹார்ன் அடித்ததைச் சொல் என்றேன். அவன் நிஸாம் நானாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "ரோடு சும்மா தெறந்து கெடந்திச்சு நானா, போராட்டம் முடிஞ்சுதாக்கும்னு நெனச்சுத்தான் போனேன்."

அவனை மன்னித்துவிட்டார்கள்.

கண்டி டவுனில்

இப்போது எனக்கு த்ரீவீல். போன மாதம் மார்க்கட் பக்கம் ஒரு ஆள் கை காட்டினான், மரியதாஸ். ஏறிய பிறகுதான் என்னை அடையாளம் கண்டான். நிஸாம் நானா படுத்த படுக்கையாக இருக்கிறார், அவர் கண்ணை மூடுவதற்குள் வந்து உண்மையைச் சொல்லு என்றேன். "பழச எதுக்குண்ணே கிண்டுறீங்க" என்றான். அன்றைக்கு நான் விலகாவிட்டால் நீ எங்கே இருப்பாய் என்று கேட்டேன். "பள்ளத்துலதாண்ணே" என்றான். அதையே வந்து சொல்லேன்டா என்றேன். "சொன்னா, இத்தன வருசங் கழிச்சு நானா என்னப் பத்தி என்ன நெனப்பாரு?"

நிஸாம் நானாவின் வீடு வரைக்கும் உன்னிடம் ஹயர்க் காசு வாங்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், மரியதாஸ் இன்னும் வந்து ஏறவில்லை.